அமுக்கிப் பிடித்தால் திறக்கும்

டி.டி.பி. வேலை என்பது ஊரில் நடக்கிற எல்லாக் கல்யாணத்துக்கும் பத்திரிகையை முதல் ஆளாகப் படித்துவிட்டு, ஒன்றுக்கும் அழைப்பு வராமல் உட்கார்ந்திருக்கிற தொழில். கண் எரியும், கழுத்து பிடித்துக்கொள்ளும், முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் நின்றுகொண்டு "அந்தப் பிள்ளையாரை இன்னும் கொஞ்சம் பெருசா" என்பார். மவுஸ் பிடித்துப் பிழைக்கிற என் இனத்தாரே, இதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். கூடுதலாக ஒன்று பட்டேன், அதைச் சொல்ல வந்தேன்.

நான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கிறவள். பெயர் மல்லிகா, ஊர் நாகலூர். என் வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. நடுவில் இருந்த மூன்றும், சின்ன வயதில் வேலைக்குப் போன ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழத்துக்குத் தோலுரிக்கிற பல்ப்பர் மெஷினுக்குள் போய்விட்டன. "ஐயோ" என்று சொல்ல நினைக்கிறவர்கள் இங்கேயே சொல்லி முடித்துக்கொள்ளுங்கள். இனிமேல் அதற்கு இடம் கிடையாது.

மூலையில் கிடந்த மெஷின்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்தது ரெண்டு பொத்தான் மவுஸ் வைத்த சாதாரணக் கம்ப்யூட்டர். எனக்கு அழுத்துவதற்கு இருப்பது உள்ளங்கை. உள்ளங்கையால் அழுத்தினால் ரெண்டு பொத்தானும் சேர்ந்தே அமுங்கும். மெஷின் குழம்பிப்போய் எதையாவது செய்யும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு முதலாளியிடம் போய், மூலையில் துண்டு போர்த்திக் கிடந்த மெஷினைக் கேட்டேன். மலையில் ஒரு போர்டிங் ஸ்கூல் புதுசு வாங்கியபோது தள்ளிவிட்ட பழைய ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர் அது. முதலாளி ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர், அதன் மவுஸைப் பார்த்ததும் ஆசை விட்டுப்போய் மூலையில் வைத்துவிட்டார். "அதைய ஆரும் தொடறதில்லீங்க அம்மணி, அதுக்குப் பொத்தானே ஒன்னுதான்" என்றார். எனக்கு வேண்டியதும் ஒன்றுதான் என்றேன்.

அந்த மவுஸுக்கு முதுகேதான் பொத்தான். எங்கே அழுத்தினாலும் அமுங்கும். ஆனால் மற்ற மவுஸ்களில் வலது பொத்தானைத் தட்டினால் வெட்டு, ஒட்டு, நீக்கு என்று ஒரு மெனு திறக்குமே, அது இதில் வராது. இடக்கையால் கீபோர்டில் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் வரும். என் இடக்கை சும்மா இருந்தால்தானே. வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த தாளில் வரி வரியாக விரல் வைத்துப் போய்க்கொண்டிருக்கும். எடுத்தால் வரி தப்பும், வரி தப்பினால் யாராவது ஒரு சித்தப்பா தப்பிவிடுவார்.

இதற்கும் ஒரு வழி இல்லாமலா போகும் என்று இன்டர்நெட்டில் தேடினேன். இருந்தது. ஒரு சின்ன சாஃப்ட்வேர். மவுஸை அமுக்கி, விடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால், ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்தில் மெனு தானாகத் திறக்கும். அதை நானே இறக்கி, நானே போட்டு, முதல் மெனு திறந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிற முருகேசண்ணன் கை மையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒத்தைப் பொத்தானுக்கு ஒத்தைக் கை சேந்துருச்சு. இனி இவுங்களப் பிரிக்கறவன் பாவத்துக்குப் போவான்."

பொத்தான் தேடிய மேனேஜர்

ஒரு ரிசார்ட் மேனேஜர், சேலத்துக்காரர், குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள் என்று போர்டு அடிக்க வந்தார். குரங்குப் படத்தை எங்கே வைத்தாலும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில் "நானே நகத்திக்கறேன், தள்ளுங்க" என்று மவுஸை வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்த்தார், அடியில் பார்த்தார், பல் பார்த்து மாடு வாங்குகிறவர் மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பொத்தான் உடைந்துவிட்டதா என்று கேட்டார். இல்லைங்க, அமுக்கிப் பிடியுங்க, மெனு வரும் என்றேன்.

அமுக்கினார். சூடான தோசைக்கல்லைத் தொட்டவர் மாதிரி உடனே கையை எடுத்துவிட்டார். மறுபடி அமுக்கினார், மறுபடி எடுத்தார். பிறகு கதவைத் தட்டுகிற மாதிரி டொக்கு டொக்கென்று தட்டினார். பிடிக்கச் சொன்னால் பிடிக்க மாட்டேன் என்கிறார். இந்த ஊருக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு ஏற மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள், ஒரு மெனுவுக்கு ஒரு மூச்சு நிற்கச் சொன்னால் உயிர் போகும். நாலாவது தடவை தவறிப்போய் சரியாகப் பிடித்துவிட்டார். மெனு திறந்தது. அவர் அதைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், எழுந்துகொண்டார். "பொத்தானே இல்லாம பொழப்ப ஓட்டறீங்களே, நொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு."

கை பிடித்த அம்மா

பேத்திக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிக்க ஓர் அம்மா வந்தார். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் மவுஸை அமுக்கிப் பிடித்தேன். கை அசையாமல் நின்றதைப் பார்த்து, மரத்துப்போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டார். வரப்போன மெனு போய்விட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடி தூக்கிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் என்றாலே எரியும். அதுவும் வேலை நேரத்து இரக்கம் இருக்கிறதே, அதற்கு என் அகராதியில் இடையூறு என்று பெயர்.

"வலி ஒன்னும் இல்லீங்கம்மா. மெனு வரணும், அதுக்குத்தான் புடிச்சுட்டிருக்கறேன்" என்றேன், கொஞ்சம் சூடாகவே. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, கையையும் எடுக்கவில்லை. "வரட்டும் கண்ணு. அது வர்ற வரைக்கும் நா சும்மா புடிச்சுட்டு இருக்கறேன், தூக்க மாட்டேன்."

மாப்பிள்ளை வந்தார்

போன வருஷம் முதலாளிக்கு முட்டி வலி அதிகமாகி, மலை ஏறி இறங்க முடியாமல் சேலத்தில் மகள் வீட்டோடு இருந்துகொண்டார். கடையைப் பார்த்துக்கொள்ள மருமகன் கார்த்தி வந்தார். கெட்டவர் இல்லை. பேச்சில் மரியாதை இருக்கும், வேகமாக நடப்பார், வேகமாகச் சாப்பிடுவார், லிஃப்ட் வராவிட்டால் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குகிற சாதி. அப்படிப்பட்டவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, நான் ஒவ்வொரு மெனுவுக்கும் அமுக்கிப் பிடித்துக் காத்திருப்பதைப் பார்த்தால் என்ன ஆகும்? அவருக்கு மூச்சு முட்டியது. நான் மவுஸைப் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் செருப்பு தரையைத் தட்டும்.

ஒரு நாள் சொல்லிவிட்டார். கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் முடியட்டும், சீசன் ஓய்ந்ததும் புது மெஷின் வருகிறது. நல்ல ரெண்டு பொத்தான் மவுஸ். பழைய மெஷின் எடைக்குப் போகும். அப்போது என் கையைப் பார்த்தார், பார்த்ததற்காக உடனே சுவரைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் எரியும். இந்த நாற்காலிக்கு யாரும் என்னைப் பாவம் பார்த்துக் கூட்டிவரவில்லை. ஊர்ப் பெயரைப் பிழையில்லாமல் போடுகிறவள் என்றுதான் உட்கார வைத்தார்கள். இதைவிட்டு எழுந்தால் மறுபடி எங்கே உட்கார வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவரே அதையும் சொன்னார்: "புதுசுல ஓட்ட முடிஞ்சா நீங்களே இருங்க அக்கா. முடியாட்டியும் நா ஒன்னும் வெளிய அனுப்பலீங்க, முன்னாடி ஒக்காந்து ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க, போதும்."

காணாமல் போன தாய்மாமன்

சீசன் முடிகிற வரைக்கும் அவருக்குப் பொறுக்கவில்லை. நான் சாப்பிடப் போன நேரத்தில் என் சாஃப்ட்வேரைத் திறந்து, எவ்வளவு நேரம் பிடித்தால் மெனு வரவேண்டும் என்கிற இடத்தில், இருப்பதிலேயே குறைந்த நேரத்தை வைத்துவிட்டார். எனக்கு உதவி செய்வதாக நினைப்பு. என்னிடம் சொல்லவும் இல்லை.

அன்று தலைச்சோலைக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. காப்பித் தோட்டம் வைத்திருக்கிற பெரிய குடும்பம், பெயர்கள் மட்டும் ஒரு பக்கம். நான் யோசிக்கும்போது உள்ளங்கை மவுஸின் மேல்தான் கிடக்கும். லேசாகக் கனம் பட்டாலே மெனு குதித்துக்கொண்டு வந்தது. என்ன கேடு வந்தது இதற்கு என்று திட்டிக்கொண்டே, ஒரு பெயரைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இழுத்தேன். இழுப்பதற்கு முன்பே மெனு திறந்திருக்கிறது. நான் கையை விட்ட இடத்தில் "நீக்கு" இருந்திருக்கிறது. பெயர் போய்விட்டது. போனது எனக்குத் தெரியவில்லை, சீசன் நெருக்கடியில் அவர்கள் பிழை பார்க்க ப்ரூஃபும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

போன பெயர் தாய்மாமன் பெயர். எங்கள் பக்கம் பெண்ணோ பையனோ இல்லாமல்கூடப் பத்திரிகை அடித்துவிடலாம், தாய்மாமன் இல்லாமல் அடிக்க முடியாது. அந்தத் தாய்மாமனே கடைக்கு வந்து ப்ரூஃபைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மச்சான், அதாவது கல்யாணப் பையனின் அப்பா, வேர்த்துப்போய் நின்றார். கார்த்தி முந்திக்கொண்டு, "அக்காவோட மவுஸு பழசுங்க" என்று ஆரம்பித்தார். நான் விடவில்லை. சாஃப்ட்வேரைத் திறந்து காட்டி, "மவுஸு பழசுதான். நேரத்தக் கொறச்ச கை ஆரோடதுங்க?" என்றேன். கார்த்தி மறைக்கவில்லை, நான்தான் என்று ஒத்துக்கொண்டார். நான் நேரத்தைப் பழைய இடத்தில் வைத்து, எல்லாரும் பார்க்க அமுக்கிப் பிடித்து, பெயரைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். தாய்மாமன் தாளை மடித்து மச்சானிடம் கொடுத்தார். "மெஷினு எடுத்துச்சுன்னா பரவாயில்லீங்க. மச்சான் சொல்லி எடுத்திருந்தாருன்னா, சீர்த்தட்டோட அப்படியே ஊட்டுக்குத் திரும்பியிருப்பேன்."

தோளில் ஒரு கை

கிளியூரிலிருந்து கோவிந்தன் என்று ஒருவர் வந்தார். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்தவர். மனைவி முந்தின நாள் இறந்துவிட்டார், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும். அந்த அம்மாவின் தனிப்படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. ரெண்டு பேரும் மலை விளிம்பில் லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில் நின்று எடுத்த ஒரு படம் போனில் இருந்தது. அவர் அந்த அம்மாவின் தோளில் கை போட்டிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் செய்கிற வேலை ஒன்றுதான், உயிரோடு இருப்பவரை வெட்டி எடுத்துவிட வேண்டும். அவர் இருந்த பகுதியைக் குறித்துக்கொண்டு, மவுஸை அமுக்கிப் பிடித்தேன். பின்னால் கார்த்தியின் செருப்பு தட்டியது.

அந்த ஒரு மூச்சு நேரத்தில், மெனு திறப்பதற்குள், "கொஞ்சம் இருங்க" என்றார் கோவிந்தன். நான் அப்படியே கையை எடுத்துவிட்டேன். அமுக்கிப் பிடிப்பதில் அது ஒரு சௌகரியம், பாதியில் விட்டால் ஒன்றும் நடந்திருக்காது. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்தி மெதுவாக, உயிரோடு இருக்கிறவர் படத்தை அஞ்சலியில் போடக்கூடாது, ஊர் தப்பாகப் பேசும் என்று எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. கோவிந்தனும் தலையாட்டினார், ஆனால் கண்ணை எடுக்கவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. அவர் முகத்தை எடுத்தேன், உடம்பை எடுத்தேன், மணிக்கட்டோடு நிறுத்திவிட்டேன். அந்த அம்மாவின் தோளில் அந்தக் கை மட்டும் இருந்தது. ஒரு கை மட்டும் இருக்கிற படம் பார்க்க நன்றாயிருக்காது என்றார் கார்த்தி. எனக்கு நன்றாயிருக்கிறது என்றேன். கோவிந்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கை இருக்கட்டுங்க. அவ தனியா எங்கயும் போனதில்லீங்க."

புது மெஷின்

சீசன் முடிந்தது. சேர்வராயன் கோயில் தோரணங்கள் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், கார்த்தி புது மெஷினைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். கறுப்பாக, பளபளவென்று இருந்தது. மவுஸில் நீல வெளிச்சம் எரிந்தது. "பாருங்க அக்கா" என்றார். பார்த்தேன். உள்ளங்கையை வைத்தேன், ரெண்டு பொத்தானும் சேர்ந்து அமுங்கின. அவர் முகத்தில் வருத்தம் வந்தது, அந்த வருத்தம் எனக்குத் தெரிந்த வருத்தம். ஜெராக்ஸ் மெஷின் பக்கம் அவர் கண் போனதையும் பார்த்தேன்.

ஆனால் இத்தனை நாளும் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அவர் சாப்பிடப் போகிற நேரங்களில், முன்னால் இருக்கிற பில் போடும் கம்ப்யூட்டரில் என் ஒற்றைப் பொத்தான் மவுஸைச் சொருகிப் பார்த்திருந்தேன். எல்லா மெஷினிலும் இருக்கிற அதே துவாரம்தான், சொருகியதும் வேலை செய்தது. அந்த வகை மெஷினுக்கும் அமுக்கிப் பிடித்தால் மெனு திறக்கிற சாஃப்ட்வேர் ஒன்றைத் தேடிப்பிடித்து வைத்திருந்தேன். அதனால் நீல வெளிச்ச மவுஸை உருவி, வயரைச் சுற்றி, கார்த்தியின் கையில் கொடுத்தேன். பழைய மவுஸைச் சொருகினேன். "அக்கா, இது புது மெஷினுங்க" என்றார். "மெஷினு உங்களுது, எத்தனை புதுசு வேணுமோ வாங்குங்க. கை என்னோடது, அதைய மாத்தறதுக்கில்ல" என்றேன். சாஃப்ட்வேரைப் போட்டேன். நேரத்தை எனக்கு வேண்டிய அளவில் வைத்தேன். அமுக்கிப் பிடித்தேன். கடையே பார்த்துக்கொண்டிருந்தது. முருகேசண்ணன் ஆஃப்செட்டை நிறுத்திவிட்டு வந்து நின்றார். மெனு திறந்தது.

கார்த்தி விடவில்லை. திறக்கிறது சரி, இன்னமும் நின்று நின்றுதானே திறக்கிறது, இப்படி நின்றால் வேலை எப்படி ஓடும் என்றார். அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். அப்போது கதவோரம் ஸ்டூலில் காத்திருந்தவர் எழுந்தார். கிளியூர் கோவிந்தன். படத்திறப்புப் பத்திரிகைக்காக வந்திருந்தார், கையில் அதே போஸ்டர். "ஏனுங்க தம்பி, அன்னிக்கு இந்தம்மா அப்படி நின்னதாலதானுங்க எனக்குச் சொல்ல நேரங் கெடைச்சுது" என்றார். "தட்டுன ஒடனே போயிருந்தா, நா வாயத் தொறக்கறதுக்குள்ள அவ தனியா நின்னுருப்பா." கார்த்தி போஸ்டரை வாங்கினார், அந்தக் கையை ரொம்ப நேரம் பார்த்தார். செருப்பு தட்டவில்லை. பிறகு நீல வெளிச்ச மவுஸைக் கொண்டுபோய் முன்னால் பில் மெஷினுக்குச் சொருகிவிட்டு, திரும்பி வந்து, என் மவுஸின் வயர் இற்றுப்போன இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இதே மாதிரி இன்னொன்னு சேலத்துல கெடைக்குமான்னு நாளைக்கே தேடறனுங்க அக்கா. இது போயிருச்சுன்னா நீங்க என்னைய உயிரோட அஞ்சலி போஸ்டர்ல போட்டுருவீங்க."

ஆக, என் இனத்தாரே, இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: பிடித்ததை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் எதுவும் திறக்கும், மெனு ஒரு மூச்சில் திறக்கும், மாப்பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சீசன் ஆகும்.